நாய்க்கு மட்டும் சொன்ன பாடம்

இன்று ராயப்பேட்டையில், நாய் வளர்த்துக் குட்டி விற்பவர்களுக்காக மிருக வைத்தியர் மாதாமாதம் நடத்தும் வகுப்பு.

"நெருங்கின ரத்தத்துல ஜோடி சேர்க்காதீங்க. குட்டிங்க நோஞ்சானாப் பொறக்கும்" என்றார்.

என் பக்கத்தில் மயிலாப்பூர் வக்கீல். இருபது வருஷமாக அல்சேஷன் வளர்ப்பவர். அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார். நானும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பும்போது டிராமில் சந்தோஷமாகச் சொன்னார்: "பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுத்து. என் ஆம்படையாளோட சொந்தத் தம்பிதான் மாப்பிள்ளை. வெளியில தேடினா வம்சம் எப்படி இருக்குமோ, யார் கண்டா?"

"டாக்டர் இப்பத்தானே சொன்னார்?" என்றேன்.

"அது நாய்க்குன்னா ஓய்."

என் மனைவி என் அக்கா மகள்.

நண்பர்களே, என் வகுப்பு நோட்டை வீட்டில் எங்கே ஒளித்துவைக்கலாம்?