மலை ஏறாத துப்பறிவாளர்

இன்னொருவர் படைத்த துப்பறிவாளரை வைத்துப் புதுக்கதை எழுதுவது, வாடகை வீட்டில் ஆணி அடிப்பது மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட நண்பர்களுக்கு இது புரியும். என்னை ஆட்டிவைத்தது ஒரே ஒரு சங்கதி: துப்பறியும் வேதமூர்த்திக்கு மலைப்பாதை ஆகாது, பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுத்துவிடுவார். இதை நான் படித்ததில்லை, பிறர் சொல்லிக் கேட்டதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேதமூர்த்தியைப் படைத்தவர் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. மாத நாவல்கள் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தோரணமாகத் தொங்கிய எண்பதுகளில், சேலத்துப் பதிப்பாளர் ஒருவர் அவருடைய குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் புதுக்கதைகள் போட நினைத்தார். பி.ஏ. முடித்துவிட்டு ஏற்காட்டு மலைமேல் மஞ்சக்குட்டையில் சும்மா இருந்த எனக்கு மூன்று கதைகள் எழுதக் கொடுத்தார். எடுபட்டால் மாதாமாதம் நானே எழுதலாம். இல்லாவிட்டால், அப்பா சொல்லிவைத்திருந்த எஸ்டேட் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அப்பாவுக்கு மனசு தாங்கவில்லை. "இதுக்கா கண்ணு காலேஜுக்கு அனுப்பிச்சேன்? செத்துப்போனவரு உட்டுட்டுப் போனதை எழுதி முடிக்கறதுக்கா?"

பஸ்ஸிலேயே படித்தவர்

கைப்பிரதியைச் சேலத்துக்குக் கொண்டுபோனவர் பஸ் கண்டக்டர் மாதேஸ்வரன். பஸ் ஸ்டாண்டில் அச்சகத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார். டிக்கெட் கொடுத்து முடித்ததும் மாதேஸ்வரன் முன்சீட்டில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் படிப்பார் என்பது எனக்குத் தெரியாது. முதல் கதை போன மறுநாள், ஏரிக்கரையில் நின்றிருந்த என்னைப் பார்த்துப் படிக்கட்டில் தொங்கியபடி அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "ஏனுங்க சார், கொலை பண்ணுனது எஸ்டேட் ரைட்டர்தானுங்களே? பஸ்ஸு அடிவாரம் வர்றதுக்குள்ளாறயே தெரிஞ்சு போச்சுங்க!"

குடையோடு வந்தவர்

எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவரை ரைட்டர் என்போம். எல்லோருடைய ரகசியமும் தெரிந்தவர் என்று நான் நினைத்தது அவரைத்தான். அதனால் இரண்டாவது கதையிலும் கொலைகாரர் ஒரு ரைட்டர்தான். புத்தகம் வந்ததும், தலைச்சோலையிலிருந்து நிஜ ரைட்டர் ஒருவர் மழையில் குடையோடு எங்கள் வீடு தேடி வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் அம்மா கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். "எங்க ஊட்டுலயே என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க தம்பி. ஏனுங்க, ஓனருமாரெல்லாம் கொலை பண்ண மாட்டாங்களா? அடுத்ததுல ஒரு ஓனரைப் போடுங்க, நாங்களும் காசு குடுத்து வாங்கிப் படிக்கறமுங்க."

வாந்திப் புகார்

அதைவிடப் பெரிய இடி சேலத்தில் காத்திருந்தது. பதிப்பாளரின் மேஜையில் வாசகர்கள் போட்ட கார்டுகள் குவிந்து கிடந்தன. பழைய கதையில் மலைப்பாதையில் வாந்தி எடுத்தவர், இப்போது ஏற்காட்டுக்கு எப்படி ஏறினார்? எல்லாவற்றிலும் இதே கேள்வி. நான் மலையில் பிறந்தவன். கொண்டை ஊசி வளைவில் ஒருவருக்கு வயிறு புரளும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றுதான் என்பதால் அவரை இங்கே கூட்டிவந்துவிட்டேன்.

பழைய புத்தகங்களில் எனக்குப் படிக்கக் கிடைத்தவை நாலைந்துதான். பதிப்பாளரிடம் இருந்த மிச்சத்தைக் கறையான் தின்றிருந்தது. "எனக்கும் அப்படித்தான் ஞாபகம்" என்றவர், கார்டுகளை என் பக்கம் தள்ளினார். "மூணாவது கதையிலயும் அவரு மலை ஏறுனாருன்னா, தம்பி, அவரு எறங்கறப்ப நீங்களும் எறங்கிக்கங்க."

அடிவாரத்துப் பெஞ்சு

எனக்கோ மலையைத் தவிர வேறு இடத்தை எழுத வராது. திரும்பும் வழியில் அடிவாரத்தில் இறங்கி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் சிலர் இறங்கி டீ குடித்தார்கள். யாருக்குக் கல்யாணம், எந்தத் தோட்டத்தில் தகராறு, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் அங்கேயே காதில் விழுந்தது. வேதமூர்த்தி எதற்கு மேலே வர வேண்டும்? அவரையும் அதே பெஞ்சில் உட்காரவைத்து, மலைமேல் நடந்த கொலையைக் கீழே இருந்தே கண்டுபிடிக்கவைத்தேன். கதை முடியும்வரை தினமும் அங்கே போய் எழுதினேன். கடைசியில் கடைக்காரர் பொறுமையிழந்தார். "மேல போறீங்களா, கீழ போறீங்களா? ரெண்டும் இல்லீன்னா இன்னொரு டீயாச்சும் குடிங்க சாமி."

கட்டைத் தராதவர்

மூன்றாவது கதையை மாதேஸ்வரனிடம் கொடுத்துவிட்டு நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டில் இருந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு எனக்குத்தான் வயிறு புரண்டது. பஸ் அடிவாரத்தைத் தாண்டியது. அவர் திரும்பவில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அச்சகத்து ஆள் ஜன்னலைத் தட்டினார். மாதேஸ்வரன் தலை நிமிராமல் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "சித்த இருங்க, இன்னும் நாலு பக்கம் கெடக்குது. ஓனரா இருக்குமோன்னு இப்பத்தான் நொம்ப சந்தேகமா வருது!"

மாதாமாதம் எழுதும் வேலை எனக்கே கிடைத்தது. பல வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையில் அந்த வாந்திக் கதை அகப்பட்டது. நின்றபடியே படித்துச் சரிபார்த்தேன். வாந்தி எடுத்தவர் வேதமூர்த்தியின் உதவியாளர். வேதமூர்த்தியோ பக்கத்தில் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டே கொடைக்கானல்வரை போயிருக்கிறார்.

இருந்தாலும் இன்றுவரை அவரை நான் அடிவாரத்துக்கு மேலே ஏற்றவில்லை. ஏற்றினால் வாசகர்கள் மறுபடியும் கார்டு போடுவார்கள்.