அவள் உட்காரும் பெஞ்சு

1930களின் கடைசியில் இலத்தூரிலிருந்து எங்கள் தென்காசி வீட்டுக்கு ஒரு தச்சர் வேலைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பென்சில். எதைச் செய்வதானாலும் முதலில் அந்த இடத்தில் தாமே உட்கார்ந்து பார்ப்பது அவர் வழக்கம்.

என் மனைவிக்கு எட்டாம் மாதம். பிள்ளைக்கென்று ஓர் அறையை ஒதுக்கியிருந்தேன். தேக்குத் தொட்டில், கொசுவலைச் சட்டம், குற்றாலத்துச் சாரல் உள்ளே வராமல் சன்னலுக்குப் பலகை என்று எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். அவர் சுவரோரம் தரையில் அமர்ந்து, குழந்தையை ஏந்துவதுபோல் கைகளை மடித்துக்கொண்டார். எழும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அம்மா எங்கன உக்காந்து பால் குடுப்பாவ, ஐயா?"

"பொம்பளைக்கு என்ன ஆசாரி, தரையில உக்காந்துக்கிடுவா" என்றேன்.

"பெத்த உடம்புல்லா. அவுகளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

அடுக்களைக்குப் போய்க் கேட்டேன். அவள் அரிசி களைவதை நிறுத்தாமல், "முதுகு சாய ஒரு பெஞ்சு வேணும்னு ஆனியிலயே சொன்னேம்லா. மூணு தடவை சொன்னேன். நீங்க சன்னலப் பத்தியே பேசுனிய" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அது அறைவரை கேட்டிருக்கும். நான் திரும்பியபோது தச்சர் தலை நிமிராமல் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

சாய்மானமும் கைப்பிடியும் வைத்த தாழ்வான பெஞ்சை மூன்று நாளில் முடித்தார். உயரம், அகலம் எதையும் என்னிடம் கேட்கவில்லை. அவளையே கூப்பிட்டு உட்காரச் சொல்லி அளவு கேட்டார். நான் அறை வாசலில் நின்றேன். என்னைக் குத்திக் காட்டத்தான் அப்படிச் செய்தாரா, உட்காரப் போகிறவளைக் கேட்பதுதான் அவர் தொழில் முறையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.