சித்தியின் வாய்ப்புண்

என் அம்மாவின் தங்கைக்கு, அதாவது சித்திக்கு, மாதம் தவறாமல் வாய்ப்புண் வரும். நாக்கின் ஓரத்திலும் உதட்டின் உட்புறத்திலும் அரிசி அரிசியாக வெள்ளைப் புள்ளிகள். ஒன்று ஆறும்போதே அடுத்தது கிளம்பிவிடும். அந்த நாட்களில் பல் துலக்கினால் உயிர் போகும் என்று வெறும் தண்ணீரில் கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொள்வாள். வயிற்றுச் சூடு என்று வீட்டில் மணத்தக்காளிக் கீரையாக ஆக்கிப் போட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டு ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு, புண் இன்னும் மோசமானது. சித்தப்பாவும் அவர் அம்மாவும் அவளை எங்கள் ஊரான ராஜபாளையத்தில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிவந்தார்கள். நானும் போனேன்.

"வாய்க்குள்ள கிருமி எல்லாருக்கும் இருக்கதுதான். இவங்க சரியா வெளக்காததால அது பெருகி, புண்ண ஆறவிடாம பண்ணுது. யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அத்தனை சொற்களில் சித்தியின் மாமியார் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: கிருமி.

"பச்சப் புள்ள இருக்க வீடு. நல்லா ஆறட்டும், பொறவு வரட்டும்" என்று சித்தியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, பால்குடி மறக்காத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் பஸ் ஏறிவிட்டாள். சித்தப்பா இடம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

புண் ஆறியதாகத் தோன்றும்போதெல்லாம் சித்தி என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போவாள். மடவார் வளாகத்தில் இருந்த அந்த வீட்டின் வாசற்படியிலேயே மாமியார் அவளை நிறுத்தி, முகத்தை வெயில் பக்கம் திருப்பி, "வாயத் தெற" என்பாள். சித்தி கீழுதட்டைத் தானே மடக்கிக் காட்டுவாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எங்கேயாவது ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். "இந்தா, இருக்குல்ல?" அந்தப் படியை அவள் கடைசிவரை தாண்டவே இல்லை.

ஒரு நாள் அப்படி நின்றபோது உள்ளே குழந்தையின் சத்தம் கேட்டது. அதற்குள் அது மாமியாரையே அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தது. சித்தி என் காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, நீ உள்ள போயி பாப்பாவுக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தங் குடுத்துட்டு வாரியா?"

போனேன், கொடுத்தேன். மாமியார் என் கையில் ஒரு கருப்பட்டித் துண்டை வைத்தாள்.

வெளியே வந்ததும் சித்தி என் முகத்தை இரு கைகளாலும் பிடித்து, என் வாயருகே மூக்கை வைத்து வெகுநேரம் முகர்ந்தாள். கருப்பட்டியைத் தனியே தின்றுவிட்டேனா என்று சோதிக்கிறாள் என நினைத்து, நான் உதடுகளை இறுக மூடிக்கொண்டேன்.