கீழ போடு

லைசென்ஸ் எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டத்தான் தெரியாது. சோதனைத் திடலில் சின்ன கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து பாஸாகி, லைசென்ஸைப் பர்ஸில் வைத்ததோடு சரி. அப்புறம் எங்கே போனாலும் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால்தான்.

போன மாதம் அவருக்கு ஷிஃப்ட் மாறியது. திங்கட்கிழமை முதல் பாயா ரும்புட் வீட்டிலிருந்து, நான் வேலை பார்க்கும் சுங்கை ஊடாங் கேண்டீனுக்கு நானே ஓட்டிப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். "விட்டுடுலா, நான் சமாளிச்சிக்கிறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தக் கேண்டீனுக்குப் போன பிறகுதான் நாலு பேரோடு சிரித்துப் பேசுகிறேன். அதை விடுவதாவது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்து அவர் பின்னால் ஏறிக்கொண்டார். கப்சாய்க்குக் கையில் கிளட்ச் கிடையாது. கால்விரலால் பெடலின் முன்பக்கம் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் பின்பக்கம் மிதித்தால் இறங்கும். எப்போது மிதிப்பது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதற்குத்தான் அவர் வாய் இருந்ததே. "போடு, இன்னொண்ணு போடு" என்று காதுக்குள்ளேயே நின்றார். அவர் சொன்னால் மிதித்தேன், சொல்லாவிட்டால் சும்மா இருந்தேன்.

வீடுகள் இருக்கும் தாமானைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்ததும் மேடு. வண்டி திணறியது. "கீழ போடு, கீழ போடு" என்றார். போட்டேன், காலைக் கீழே, முன்பக்கம். மூன்றிலிருந்த கியர் நாலுக்கு ஏறிவிட்டது. வண்டி குலுங்கிக் குலுங்கி நிற்கப் பார்த்தது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. "அந்தக் கீழ இல்ல" என்று அவர் கத்த, எப்படியோ ஓரம் கட்டினேன்.

வந்ததே கோபம். "முன்னால கீழ மிதிச்சா கியர் மேல போவுது. பின்னால கீழ மிதிச்சா கியர் கீழ வருது. நீங்க சொல்ற கீழ எதுங்க?"

இத்தனை வருஷம் ஓட்டிய மனிதர், குனிந்து தன் காலைப் பார்த்து யோசித்தார். "வாயால சொல்லிப் பாத்ததில்லையே" என்றார்.

"இறங்குங்க."

இறங்கினார். நான் மட்டும் கிளம்பினேன். அவர் பேச்சு நின்ற பிறகுதான் இன்ஜின் பேசியதே கேட்டது. கேண்டீனில் சட்னி அரைக்கும்போது பிளெண்டர் முனகினால், அடுப்பு முன்னால் இருந்தே தெரிந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டுமென்று. யாரும் சொல்லித் தருவதில்லை. இதுவும் அதுதானா? வண்டி கத்தியது, கியரை ஏற்றினேன். மறுபடி கத்தியது, ஏற்றினேன். மேட்டில் முனகியது, குதிகாலால் ஒரு மிதி. சரசரவென்று ஏறிவிட்டது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தபோது, கழற்றாத ஹெல்மெட்டோடு அதே இடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏறுங்க. வாயத் திறந்தா மறுபடி இறக்கி விட்டுடுவேன்."

ஏறினார். மேடு வந்ததும் அவர் விரல்கள் என் தோளை இறுக்கின. இன்ஜின் முனகியது, இறக்கினேன். விரல்கள் தளர்ந்தன. மேட்டைத் தாண்டும்வரை மூச்சு விடவில்லை மனிதர். அப்புறம் மெதுவாக, "வேலைய விட வேணாம்லா" என்றார்.

"விடறேன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று சொல்லிக்கொண்டே நாலைப் போட்டேன்.