ஊருக்கெல்லாம் டூர் போட்டவ

டிராவல்ஸ் ஆபீஸ்ல டிக்கெட் போடுறது கால்வாசி வேலைதான். மிச்சம் முக்கால்வாசியும் புருசன் பொண்டாட்டி பஞ்சாயத்து. அவருக்கு மெரினா பார்க்கணும், அந்தம்மாவுக்கு தி.நகர் போகணும், பிள்ளைகளுக்கு எங்கன கூட்டிட்டுப் போனாலும் ஒண்ணுக்கு வரும். பிள்ளைகுட்டியோட பட்டணம் சுத்தப் போய் நொந்து நூலாகித் திரும்பின புண்ணியவான்களே, உங்க கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும். உங்களுக்கு பிளான் போட்டுக் கொடுத்த பாவி நான்தான்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில என் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, நாலு சேர். ஒன்பது வருசமா இதுதான் பிழைப்பு. ஏப்ரலும் மேயும் எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. அந்த ரெண்டு மாசத்துலதான் என் பிள்ளைகளுக்கும் லீவு. மூத்தவ ஜெனிக்கு எட்டு வயசு, சின்னவன் ஆல்வினுக்கு நாலு. "இந்த லீவுக்கு மெட்ராஸ் போறோம்"னு மூணு வருசமாச் சொல்லி, மூணு வருசமும் ஏமாத்திட்டேன். போன வருசம் டிக்கெட்டே போட்டாச்சு. கடைசி நேரத்துல ஒரு கஸ்டமர் வந்து நின்னாரு, என் டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு அவரு வேலையைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் மில்லுல ஃபிட்டர். இந்த மே மாசம் மெஷினைக் கழட்டிச் சரிபண்ண மில்லுல நாலு நாள் லீவு விட்டாக. அந்த மனுசன் என்கிட்ட கத்தவே இல்ல. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னாக: "இந்தத் தடவையும் நீ வரலைன்னா நானே பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிருவேன். நீ உன் கஸ்டமரோட இரு." இதுல கொடுமை என்னன்னா, அந்த மனுசனுக்கு எக்மோர் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது.

பன்னெண்டு டப்பா

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாத்திரக்கடை வச்சிருக்கவரு, பொண்டாட்டியையும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு மூணு நாள் பெங்களூர் போகணும்னு வந்தாரு. மிருகக்காட்சிசாலை, மீன் காட்சி, பார்க்குல ஓடுற குட்டி ரயில்னு பிள்ளைகளுக்காகவே பார்த்துப் பார்த்து பிளான் போட்டேன். "சின்னப் பிள்ளைகளோட போறீக, ரெண்டு பைக்கு மேல தூக்காதீக"ன்னு நூறு தடவை சொன்னேன். தலையை நல்லா ஆட்டினாரு. பஸ் ஏறுறன்னைக்குப் பார்த்தா ரெண்டே ரெண்டு பைதான். அதுபோக ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ள பன்னெண்டு டப்பா பால்கோவா. பெங்களூர்ல பன்னெண்டு சொந்தக்கார வீடு இருக்காம். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகலைன்னா வருத்தப்படுவாகளாம்.

அம்புட்டுதான். மூணு நாளும் ஆட்டோவுல ஏறி டப்பா டப்பாவா பட்டுவாடா பண்ணிட்டு வந்திருக்காக. போன வீட்டுல எல்லாம் "வாங்க, வாங்க"ன்னு உக்கார வச்சு, பிள்ளைகளுக்குத் தட்டுல பலகாரம் வச்சிருக்காக. போன வாரம் நம்மூர்ல இருந்து யாரோ கொண்டுபோய்க் கொடுத்த பால்கோவா! குரங்கையும் பார்க்கல, குட்டி ரயிலையும் பார்க்கல. திரும்பி வந்ததும் அந்தச் சின்னப் பயகிட்ட "பெங்களூர் எப்படிடா இருந்துச்சு?"ன்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சுட்டுச் சொன்னான்: "நம்மூரு மாதிரியேதான் அத்தை இருக்கு, ஆனா எல்லா வீட்டுலயும் பால்கோவா மட்டும்தான் திங்கிறாக."

குனிய மாட்டேன்

சென்னைக்கு வெளிய, ராட்டினமும் தண்ணிச் சறுக்கும் இருக்குற பார்க் ஒண்ணு. அங்க வயசு கேட்க மாட்டாக, உயரத்தை அளப்பாக. ஒரு கோட்டுக்குக் கீழ இருந்தா டிக்கெட் எடுக்க வேண்டாம், சும்மாவே உள்ள விடுவாக. ஆனா அந்தக் கோட்டுக்கு மேல இருந்தாத்தான் பெரிய ராட்டினத்துல ஏத்துவாக. இதை நான் பிளான் பேப்பர்லயே எழுதிக் கொடுத்துருவேன். எழுதினது தப்பாப் போச்சு. எங்க ஊரு பேண்டேஜ் துணி ஃபேக்டரி முதலாளி ஒருத்தர் அதைப் படிச்சாரு. அவரு மகனும் படிச்சிருக்கான்.

அங்க நடந்ததை அவரு சம்சாரம்தான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. பையன் சரியா அந்தக் கோட்டுக்கு நேர நிக்கிறானாம். அளக்குற ஆளுக்குப் புரியக்கூடாதுன்னு இவரு வீட்டுத் தெலுங்குல "வங்குரா, வங்கு"ன்னு காதைக் கடிக்கிறாரு. குனிடான்னு அர்த்தம். அவனுக்கோ ராட்டினத்துல ஏறணும். குதிங்காலைத் தூக்கிக்கிட்டு கொக்கு மாதிரி நிக்கிறான். இவரு தலையைத் தடவிக் கொடுக்குற மாதிரி ஒரு அமுக்கு அமுக்குறாரு. அவன் கழுத்தை நீட்டுறான். பின்னால வரிசை கிடந்து கத்துது. அளக்குற ஆளு ஸ்கேலைக் கீழ வச்சுட்டுச் சொன்னாராம்: "சார், எங்க வீட்டுலயும் தெலுங்குதான். நீங்களும் தம்பியும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் அளக்குறேன்."

நல்ல நேரத்துல கிளம்புன பை

தேவதானத்துல தென்னந்தோப்பு வச்சிருக்க அண்ணாச்சி ஒருத்தர். பொண்டாட்டி, ரெண்டு பயலுகளோட சென்னைக்கு டிக்கெட் கேட்டாரு. செவ்வாய்க்கிழமைதான் கிடைச்சது. மனுசன் மூஞ்சி செத்துப்போச்சு. "செவ்வாய் வடக்கே சூலம்லா தாயி! பிள்ளைகளை வச்சுக்கிட்டு எப்படிப் போறது?" கேன்சல் பண்ணவும் மனசில்ல. பொறவு அவரே ஒரு வழி சொன்னாரு: பரஸ்தானம். அதாவது, நல்ல நாள் பார்த்து ஒரு பையை மட்டும் முன்கூட்டியே வேற இடத்துல கொண்டுபோய் வச்சிட்டா, பயணம் அன்னைக்கே கிளம்பிட்டதாக் கணக்கு. போற வழியில பையை எடுத்துக்கிட்டாப் போதும். "உங்க ஆபீஸ்லயே வச்சுக்கிடுதேன் தாயி"ன்னு ஞாயித்துக்கிழமை எமகண்டம் ராகுகாலம் எல்லாம் பார்த்து, கிழக்குப் பார்த்து நின்னு, ஒரு நீலப் பையை மூலையில வச்சுட்டுப் போனாரு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸைப் பூட்டப் போறேன், மாம்பழ வாசம் மூக்கைத் துளைக்குது. என்னடான்னு பார்த்தா நீலப் பை! அண்ணாச்சிக்கு போனைப் போட்டா ரயிலு சிவகாசி தாண்டியாச்சு. பை இங்கேயே கிடக்குன்னு நான் சொன்னதும் "ஐயையோ"ன்னு ஒரு சத்தம்; பின்னாலயே அவரு சம்சாரத்தோட அர்ச்சனை. பயலுக துணிமணி பூராவும் அதுக்குள்ளதான். கூடவே ரெண்டு டஜன் சப்பட்டை மாம்பழம். பெரிய பய மறுநாள் அப்பா பனியனைப் போட்டுக்கிட்டே மியூசியம் பார்த்திருக்கான், முழங்கால் வரைக்கும் தொங்கிச்சாம். ஊருக்குத் திரும்பினதும் அண்ணாச்சி பையை வாங்க வந்தாரு. மாம்பழத்தை நானும் ஜெராக்ஸ் கடைக்காரரும் காலி பண்ணிட்டோம், அழுகிப் போகும்லா. அவரு அதைக்கூடக் கேட்கல. பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு அலுத்துக்கிட்டாரு: "நல்ல நேரத்துல கிளம்புனது இந்தப் பை மட்டும்தான் தாயி, நாங்க சூலத்துலதான் போயிருக்கோம்."

ஓடுற படி

கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பஸ் ஓட்டுற டிரைவர் தம்பி ஒருத்தர். பொண்டாட்டி, அஞ்சு வயசுப் பொண்ணோட சென்னை போனாரு. முதல் நாள் பிளான்ல மியூசியம், கோளரங்கம், கடற்கரை. மியூசியத்துக்கு முன்னாடி செத்த நேரம் ஏசியில உக்காருவோம்னு ஒரு பெரிய மாலுக்குள்ள நுழைஞ்சிருக்காக. அங்க ஓடுற படிக்கட்டு. பாப்பா ஒரு தடவை ஏறுச்சு, இறங்குச்சு. பொறவு வர மாட்டேன்னுருச்சு.

மத்தியானம் மூணு மணிக்கு எனக்கு போன். "யக்கா, மியூசியம் எத்தனை மணிக்கு மூடுவாக?" ஏன், இன்னும் போகலையான்னு கேட்டேன். பாப்பா இன்னும் படியை விட்டு இறங்கலையாம். பொறவு சொன்னாரு: "பதினாலு வருசமா வண்டி ஓட்டுறேன்க்கா, காலையில இருந்து இம்புட்டு நேரம் ஓடியும் ஏறுன இடத்துலயே நிக்கிறது இன்னைக்குத்தான்."

டீச்சர் கேட்ட ட்ரிப்

இது வரைக்கும் ஊரார் கதையைச் சொல்லிச் சிரிச்சேன். இது என் மூஞ்சியில விழுந்த அடி. ஏப்ரல் கடைசியில ஜெனியோட கிளாஸ் டீச்சர் ஆபீஸுக்கு வந்தாக. அவுகளுக்கும் ரெண்டு சின்னப் பிள்ளைக. "மேடம், உங்க ஜெனி போன லீவுல போன மாதிரியே எங்களுக்கும் ஒரு சென்னை ட்ரிப் போட்டுத் தாங்க"ன்னாக. எனக்கு ஒண்ணும் விளங்கல. அவுக ஒரு கட்டுரை நோட்டை எடுத்து நீட்டினாக. 'விடுமுறையில் நான் சென்ற ஊர்.' ஜெனியோட கையெழுத்து.

'முதல் நாள்: சென்னை வருகை, விடுதியில் ஓய்வு. காலை உணவு கட்டணத்தில் அடங்கும். மாலை கடற்கரை. குழந்தைகளை அலைக்கு அருகில் தனியே விட வேண்டாம். இரண்டாம் நாள்: உயிரியல் பூங்கா. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.' பூராவும் நான் கஸ்டமருக்கு அடிச்சுக் கொடுக்குற பிளான்! ஸ்கூல் விட்டதும் அவ ஆபீஸ்லதான் இருப்பா. பாழாப்போன பிரிண்ட் பேப்பரை படம் வரையக் கொடுப்பேன். அவ பின்பக்கம் வரைஞ்சுட்டு முன்பக்கத்தை மனப்பாடம் பண்ணியிருக்கா. கடைசியில ஒரு வரி மட்டும் என் பிளான்ல இல்லாதது: 'அம்மா இரண்டு நாளும் எங்களுடனேயே இருந்தார்கள்.' பத்துக்கு ஒன்பது மார்க், பக்கத்துல ஒரு ஸ்டார்.

பொய்யின்னு சொல்லியிருக்கலாம்தான். பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவா முடியும்? மானிட்டருக்குப் பின்னால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு, அதே பிளானை அப்படியே டீச்சருக்கும் போட்டுக் கொடுத்தேன். கண்ணு கலங்கி எழுத்தே தெரியல. பேப்பரை மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டே டீச்சர் சொன்னாக: "உங்க வயித்துல பிறக்க அந்தப் பிள்ளை கொடுத்து வச்சிருக்கணும் மேடம், எங்க பிள்ளைங்களுக்கு அந்த யோகம் இல்லை."

நானும் ஒரு கஸ்டமர்

அன்னைக்கே நாலு டிக்கெட் போட்டேன். கிளம்புறதுக்கு முந்தின நாள் மிளகாய் வத்தல் கமிஷன் கடை முதலாளி ஒருத்தர் வந்தாரு. மொத்தக் குடும்பமும், பதினேழு பேர், ஹைதராபாத் போகணும். "ரெண்டு நாள்ல முடிச்சுக் கொடுக்கணும்மா. இல்லைன்னா மதுரையில ஆள் இருக்கு"ன்னாரு. சீசன்ல வந்த பெரிய வேலை. போன்லயே முடிச்சுத் தாரேன்னு சொல்லிட்டு ரயில் ஏறிட்டேன்.

கஸ்டமரைக் கேலி பண்ணுற நான் பண்ணாத கூத்தில்ல. ஒரு நாளைக்கு ஏழு இடம்னு பிளான். வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு, "இது டூரா, எலெக்‌ஷன் பிரச்சாரமா?"ன்னாக. உயிரியல் பூங்காவுல போன் காதைவிட்டு இறங்கல. ஜெனி "அம்மா, புலி!"ன்னா. "இரு பாப்பா, ஒரு நிமிசம்"னேன். ஆல்வின் "அம்மா, கரடி!"ன்னான். "பதினேழுல குழந்தைங்க எத்தனை சார்?"னேன். வீட்டுக்காரர் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கிட்டு முன்னால நடந்தாக. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. கூட வந்தும் நான் வராத மாதிரிதான் இருக்குன்னு எனக்கே தெரியுது, ஆனா போனை வைக்கத்தான் கை வரல.

சாயங்காலம் கடற்கரை. பையை மணல்ல வச்சுட்டு நாலு பேரும் தண்ணிக்குள்ள நிக்கிறோம். பைக்குள்ள போன் அடிக்குது. கமிஷன் கடை முதலாளியாத்தான் இருக்கும், அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லணும்னாரு. சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கரைக்கு ஓடுறேன். ஜெனி என்னை முந்திக்கிட்டு ஓடிப்போய் எடுத்துட்டா. நான் பேசுற அதே குரல்ல "வணக்கம், டிராவல்ஸ்"னா. அந்தப் பக்கம் அவரு ஏதோ கேட்டிருக்காரு. அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. போனைக் கொடுன்னு நான் கையை நீட்டல. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கால்ல அலை மோதிட்டுப் போறது மட்டும் தெரிஞ்சுச்சு. அவ முகத்தைத் திருப்பிக்கிட்டு, ஒவ்வொரு சொல்லா நிறுத்திச் சொன்னா: "அம்மா பேச முடியாது அங்கிள். அம்மா டூர் போயிருக்காக, எங்க கூட."

பதினேழு டிக்கெட்டும் மதுரைக்குப் போச்சு. ஆனா ஒன்பது வருசமா ஊருக்கெல்லாம் லீவை ஒழுங்கு பண்ணிக் கொடுத்த எனக்கு, முதமுதலா லீவு சாங்ஷன் பண்ணின மேனேஜருக்கு எட்டே வயசுதான்.