பதினோராவது வரியில் ஒரு டிக்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், தைக் கிருத்திகை சமயம், சென்னையிலும் எங்கள் ஊரான திருத்தணியிலுமாக நடந்தது. எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் சொல்ல வரும். ஆகவே:

1. வெள்ளிக்கிழமை காலை, சென்னையில், எங்கள் பந்தயப் படகின் சரிபார்ப்புப் பட்டியலில் பதினொரு வேலைகளுக்கும் டிக் போட்டேன்.

2. அவற்றில் பத்துதான் முடிந்திருந்தன.

3. அன்று பகலே என் அப்பா, நைனாவோடு ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டேன்.

4. சனிக்கிழமை கிருத்திகை. சரவணப் பொய்கையில் முடி கொடுத்தேன்.

5. தலையில் பூசச் சந்தனம் எடுக்கப் பைக்குள் கை விட்டேன். பதினோராவது வேலை பைக்குள் இருந்தது.

6. பந்தயம் மறுநாள் காலை எட்டு மணிக்கு.

இனி விவரமாகச் சொல்கிறேன்.

நான் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெண்களைச் சேர்க்க ஆரம்பித்துச் சில வருஷமே ஆகியிருந்தது. என் வகுப்பில் இரண்டு பேர். எங்கள் விடுதியில் மருத்துவம் படிக்கும் பெண்களும் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து அடையாற்றில் ஒரு படகுக் குழு தொடங்கினோம். நால்வர் துடுப்புப் போட, ஐந்தாமவள் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கும் நீளப் படகு. ஒரு வாரம் நானும் துடுப்புப் போட்டுப் பார்த்தேன். என் எடைக்கும் பலத்துக்கும் அது ஒத்துவரவில்லை. அதனால் கரையில் வைத்துக்கொண்டார்கள்.

கரை வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆடி மாதம் முதல் தினமும் விடியும்போது சைக்கிளில் கரையோரமாகப் போவேன். கையில் தகரக் குழல், கழுத்தில் கடிகாரம், கூடையில் நோட்டு. யார் துடுப்பு முந்துகிறது, யார் முதுகு வளைகிறது என்று குழலில் கத்திக்கொண்டே போவேன். ஆரம்பத்தில் படகு நண்டு மாதிரி நகர்ந்தது. உள்ளங்கைக் கொப்புளங்களில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். கார்த்திகையில் நடந்த முதல் பந்தயத்தில் மானமாகத் தோற்றோம். மார்கழிக்குள் நாலு துடுப்பும் ஒரே சத்தமாக விழ ஆரம்பித்தது.

துடுப்பை நிறுத்தச் சொல்லும் கட்டளை ‘ஈஸி ஆல்’. ஒரு நாள் விடுதிச் சாப்பாட்டு அறையில் விளையாட்டாக அதைச் சொன்னேன். ரசம் சாதம் அள்ளிய நாலு கைகளும் பாதியில் நின்றன. அவ்வளவு பழக்கியிருந்தோம்.

படகின் இரும்புச் சாமான்கள் என் பொறுப்பு. துடுப்பைத் தாங்கும் கொண்டி ஒவ்வொன்றும் விரல் தடிமனான ஓர் இரும்பு முளையில் நின்று திரும்பும். துடுப்புப் போடுகிறவளின் முழுப் பலமும் அந்த முளையில்தான் இறங்கும். பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால், மூன்றாம் இருக்கையின் முளை தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். கழற்றிக் கல்லூரிப் பட்டறையில் கொடுத்து, புதிது ஒன்று கடையச் சொன்னேன். அதுவரை கொண்டி ஆடாமல் இருக்க, படகுக் கொட்டகையில் கிடந்த பழைய மரையாணி ஒன்றைச் செருகி மரையை முடுக்கிவைத்தேன். மெலிந்த ஆணி, நடுவில் துரு. படகைத் தூக்கி வைக்க மட்டும் போதும். அந்த மூன்று நாளும் பெண்களுக்கு ஓய்வு, படகு தண்ணீரில் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டியலைக் கொட்டகைச் சுவரில் மாட்டினேன். பத்து டிக்குகள். பதினோராவது வரி, முளை. பட்டறையில் பகலுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாங்கியதும் வந்து மாட்டப் போகிறேன். ஒரு வரி மட்டும் காலியாக இருந்தால் மற்றவர்கள் கவலைப்படுவார்களே என்று அதற்கும் டிக் போட்டேன்.

பட்டறையில் முளையை வாங்கி வெளியே வந்தால் வாசலில் நைனா நிற்கிறார். கிருத்திகைக் கூட்டத்துக்குப் பயந்து முந்தின ரயிலுக்கே அழைத்துப்போக வந்துவிட்டார். முளையை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தேன். ஒரு தடவைகூட நினைவு வரவில்லை. டிக் போட்ட வேலை மனதிலிருந்து இறங்கிப்போய்விடுகிறது.

என் முடி அம்மாவின் வேண்டுதல். முந்தின வருஷம் டைபாய்டில் கிடந்தபோது வேண்டிக்கொண்டாளாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. பொய்கைப் படியில் தலையைக் குனிந்து கொடுத்தேன். முழுகி எழுந்து, சந்தனப் பொட்டலத்தைத் தேடிய கையில் அந்த எண்ணெய்த் துணி தட்டுப்பட்டது.

சுற்றிலும் காவடியும் தமுக்கும் தெலுங்கும் தமிழுமாக ஒரே இரைச்சல். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் இருக்கையில் உட்காருபவள் மருத்துவம் படிக்கும் என் அறைத் தோழி. மற்ற மூவருக்கும் நீச்சல் தெரியும், அவளுக்கு அரைகுறை. புடவையைக் கச்சம் போட்டு இறுக்கிச் செருகிக்கொண்டுதான் உட்காருவாள். முழு வேகத்தில் அந்த ஆணி ஒடிந்தால் அவள் துடுப்போடு தண்ணீரில் விழுவாள், படகும் கவிழும். அது ஆணி என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். சுவரில் என் டிக் இருக்கிறது. யாரும் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

சொன்னதும் நைனா மலையைப் பார்த்தார். “சாமி பாக்காம கெளம்பறதா பாப்பா?”

அம்மா சந்தனத்தை என் தலையில் அப்பிக்கொண்டே சொன்னாள். “முடிய குடுத்தாச்சு, பாதி வேண்டுதல் முடிஞ்சிது. மீதி படிய நான் ஏறிக்கிறேன். அந்தப் பொண்ணையும் ஒருத்தி பெத்துதானே வச்சிருக்கா. போங்க ரெண்டு பேரும்.”

தபாலாபீசில் விடுதிக்குத் தந்தி கொடுத்தோம். “போயிடும்மா. எப்போ போவும்னு கேக்காதே, இன்னிக்குக் கம்பி பூரா கிருத்திகை சேதிதான்” என்றார் அங்கிருந்தவர். (திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது.) ஸ்டேஷனில் ரயில் வந்தது, ஒரு பெட்டியிலும் கதவு திறக்கவில்லை. நைனா இரண்டு பெட்டிகளில் தெலுங்கிலும் இரண்டு பெட்டிகளில் தமிழிலும் கெஞ்சினார். ரயில் போய்விட்டது.

அரக்கோணம் போனால் வேறு ரயில்கள் கிடைக்கும். பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஓடிய கரி பஸ் ஒன்று பின்னால் உலை உருளையோடு நின்றது. ஏறியவர்கள் எல்லாம் இறங்கி நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். நைனா வயதில் பாதிகூட இல்லாத ஒரு முஸ்லிம் மெக்கானிக் உலையில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், அரக்கோணம் போவுமா?”

“போவும் நைனா. கரி பத்திக்கினு கீது. இந்தச் சக்கரத்த ஒரு கை சுத்துனா இன்னும் சுருக்கா போவும்.”

நைனா ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உலைக்குக் காற்று ஊதும் விசிறிச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். “சாமி பாத்துட்டு வர்ற மூஞ்சியா இது? இன்னாம்மா ஆச்சு?”

முளையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். “நல்லா கடஞ்சிருக்கான். இது இங்க கீது. அப்போ அங்க இன்னா கீது?”

“பழைய ஆணி ஒண்ணு. டெம்பரவரியா போட்டேன்.”

“துணி கட்னியா?”

எனக்குப் புரியவில்லை. அவர் பஸ்ஸின் மூடியைத் தூக்கிக் காட்டினார். ஒரு குழாயில் சிவப்புத் துணிக் கிழிசல் முடிச்சுப் போட்டிருந்தது. “டெம்பரவரியா எத்த போட்டாலும் துணி கட்டிடுவோம். அடுத்து கை வைக்கிறவனுக்குத் தெரியணும்ல. காலேஜ்ல இத்தயெல்லாம் சொல்லித் தர்றதில்லியா?”

“காலேஜ்ல டிக் போடத்தான் சொல்லித் தராங்க பாய்” என்றார் நைனா, மூச்சு வாங்கிக்கொண்டே. கரி அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணீரும்.

உலை பற்றியதும் அவர் வேலை முடிந்தது. ஆனாலும் பஸ்ஸின் பின்படியில் தொற்றிக்கொண்டு எங்களோடு வந்தார். மேட்டில் வண்டி முனகும்போதெல்லாம் இறங்கிக் கரியைக் கிளறிவிட்டு மறுபடி தொற்றிக்கொண்டார். டிரைவர் “நீ எதுக்குடா வர்றே?” என்று கேட்டதற்கு, “வண்டி வழியில நின்னா அந்தம்மா என்னை மொட்டையடிச்சிடும்” என்றது என் காதில் விழுந்தது. அரக்கோணத்தில் இறங்கியதும், இடுப்பிலிருந்த சிவப்புத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து முளைப் பொட்டலத்தைச் சுற்றிக் கட்டினார். “மறுபடி மறந்துடப் போறே.” பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பிப் போகும் வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டார்.

அரக்கோணத்திலும் இரண்டு ரயில்களில் ஏற முடியவில்லை. மூன்றாவது எங்களைச் சென்னையில் சேர்த்தபோது நன்றாக விடிந்திருந்தது. மயிலாப்பூர் வரை டிராம், பிறகு ஜட்கா வண்டி. கரைக்கு நான் ஓடி வந்தபோது மணி ஏழு நாற்பது. கொட்டகை பூட்டியிருந்தது. படகு ஆற்றில், பந்தயம் தொடங்கும் இடத்தை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். ஆகவே நால்வரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை ஆட்டினேன். மஞ்சள் மொட்டைத் தலையும் கசங்கிய புடவையுமாக யாரோ கோயில் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருத்தி சிரித்தது தெரிந்தது. துடுப்புகள் நிற்கவில்லை. குழல் பூட்டிய கொட்டகைக்குள் இருந்தது. முதல் தடவை கத்தியதில் குரலே எழும்பவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினேன்.

“ஈஸி ஆல்!”

நாலு துடுப்பும் தண்ணீருக்கு மேலே நின்றன.

சுக்கான் பிடித்தவள் கோபத்தோடு திரும்பினாள். மூன்றாம் இருக்கையிலிருந்து என் தோழியின் குரல் வந்தது. “நம்ம கரைக்காரிடீ. ஏய், தலை எங்கே போச்சு?”

“தலை இருக்கு, முடிதான் போச்சு. கரைக்கு வாங்க.”

மரையைத் தளர்த்தி ஆணியை இழுத்தேன். பாதிதான் வந்தது. மீதிப் பாதியைக் குச்சியால் தள்ளி எடுக்கவேண்டியிருந்தது. தோழி இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வாங்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

“இதுக்கா டிக் போட்டே?”

“ஆமாம்.”

துண்டுகளை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். “சரி, புதுசை மாட்டு. நேரமாகுது.”

மாட்டினேன். முடுக்கினேன். என்னை நம்பாமல் அவளையும் முடுக்கச் சொன்னேன். பந்தயத்தில் இரண்டாவதாக வந்தோம். ஓடியது இரண்டே படகுகள் என்பதைக் கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னோம். கரையில் என் பக்கத்தில் நின்ற நைனாவுக்கு யார் ஜெயித்தது என்றே தெரியவில்லை. “அந்தப் பொண்ணு உக்காந்துகினு கீதா?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் கொட்டகை திறந்ததும் சுவரிலிருந்த பட்டியலில் பதினோராவது டிக்கை அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன். அடித்தது அடித்ததாகவே தெரியட்டும் என்று விட்டுவைத்தேன்.

பிறகு ஊருக்குப் போனபோதெல்லாம் பஸ் நிற்கும் இடத்தில் அந்த மெக்கானிக்கைத் தேடியிருக்கிறேன். வேறு ஊர் போய்விட்டார் என்கிறார்கள். அவர் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் உண்டு. ஆனால் அந்த ஆணி ஆற்றில் ஒடியாமல் என் கையில் ஒடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம், இன்றும் ஒரு பெருமூச்சு தானாக வருகிறது.

இப்போது நான் மின்சார இலாகாவில் வரைபட வேலை பார்க்கிறேன். வேலை முடிந்த பிறகுதான் டிக் போடுகிறேன், தற்காலிகமான எதிலும் சிவப்புத் துணி கட்டுகிறேன். என் முடி தோள் வரை வளர்ந்துவிட்டது. மீதிப் படிகளையும் ஏறிச் சாமி பார்த்தாயிற்று. தோழி டாக்டராகிவிட்டாள், நலமாக இருக்கிறாள்.