இரண்டு எண்கள் கொண்ட வண்டி

க்ளெமான் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது 1977-ஆம் வருடத்துத் தைப்பூச நாளில். விமானம் மாலையில்தான் என்றாலும் டாக்ஸியைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். அது தெருமுனையோடு நின்றுவிட்டது. அவர்கள் தீவின் சேன் பியேர் ஊரில் பெரிய சாலை முழுக்கக் காவடி. நாவில் வேல் குத்தியவர்கள், பால்குடம் சுமந்தவர்கள், அவர்கள் பாதம் சுடாமலிருக்கத் தாரில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். நாகலிங்கம் வீட்டார் இரண்டு தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். ஆனாலும் காவடியை விலக்கி டாக்ஸிக்கு வழி கேட்கிற துணிச்சல் அவர்களில் யாருக்கும் இல்லை.

ஆக, கையில் ஒரு மணி நேரம் மிச்சம். க்ளெமான் அதை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து செலவழிக்கவில்லை. தங்கை உகெத்தைக் கொல்லைக்குக் கூட்டிப் போனான். பயணத்துக்குப் போட்ட புதுச் சட்டையோடு குனிந்து, தன் மோட்டார் சைக்கிளை எப்படிக் கிளப்புவது என்று காட்டினான். அது 1965-ஆம் வருடத்து ட்ரையம்ப் பான்வில். இரட்டை சிலிண்டர், இரட்டை கார்புரேட்டர். வாக்குவாவிலிருந்த ஆங்கிலேயக் கடற்படை நிலையத்தில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒருவரிடமிருந்து அவன் வாங்கியது. இரண்டு பெட்ரோல் குழாய்களையும் திற, கார்புரேட்டரின் பொத்தானை விரல் நனைகிறவரை அழுத்து, பிறகு காலால் உதைக்காதே, உடம்பால் உதை என்றான்.

"வாரம் ஒரு தடவை கிளப்பு. பத்து நிமிஷம் ஓடட்டும். மேல ஏறி ஓட்டிறாத."

"ஓட்டினா?"

"மெல்போர்ன்ல எனக்குக் கேக்கும்."

வேலை கிடைத்ததும் கப்பலில் வரவழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். உகெத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

மூன்று மாதம் அவள் அண்ணன் சொன்னபடியே செய்தாள். நாலாவது மாதம், நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்த வண்டியைப் பார்க்கப் பொறுக்காமல் ஏறி உட்கார்ந்து, கரும்புக்கு நடுவே மண்பாதையில் முதல் கியரிலேயே ஒரு மைல் போய்வந்தாள். ஒரு வருடத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தைவரை ஓட்டிப் போய்க் காய்கறி வாங்கித் திரும்புகிறவளாகிவிட்டாள். அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில் இதெல்லாம் இருக்காது. ‘வண்டி நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரி இருக்கும். அது பொய்யும் இல்லை.

அந்த வருடங்களில் தீவெங்கும் ஏற்றுமதி ஆலைகள் முளைத்தன. பெண்கள் ‘ஸோன்’ என்று சுருக்கமாகச் சொன்ன அந்த ஆலைகளில் ஒன்றில், ஸ்வெட்டர்களுக்கு லேபிள் தைக்கும் மேசையில் உகெத்துக்கு வேலை கிடைத்தது. மற்றவர்கள் ஆலை வேனில் வந்தார்கள். அவள் பான்வில்லில் வந்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வந்து, வண்டியைப் பார்த்ததும் திரும்பிப் போயிற்று. மேசைத் தோழிகள் விடமாட்டார்கள். இன்றைக்கு உன் புருஷன் ரொம்ப இருமுகிறாரே, மருந்து கொடுத்தாயா என்பார்கள்.

"உங்க வீட்டுப் புருஷங்க மாதிரி இல்ல. ஒரே உதையில எந்திரிச்சிருவார்" என்பாள் உகெத்.

1984-இல் அவள் ஒரு தப்பு செய்தாள். நிறுத்தும் இடத்தில் சில நாட்களாக எண்ணெய் சொட்டியிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். ஃப்ளாக் போகும் வழியில் எண்ணெய்க் குழாய் கழன்று, எஞ்சின் வறண்டு, உள்ளே தண்டு ஒடிந்து எஞ்சினின் அடிச்சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. கை நுழைகிற ஓட்டை. கரும்பு லாரி ஒன்றில் வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு வந்தாள்.

ஆலை மெக்கானிக் சந்திரமௌலி கைகொடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்லிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். அவளுடைய தமிழ் அத்தை, மாமா, தேவாரம், காவடி என்பதோடு முடிந்துவிடும். தீவின் பேச்சுமொழியான க்ரேயோல் அவருக்குக் கடைத்தெருவோடு சரி. இரண்டையும் கலந்து, மீதியைக் கையால் காட்டிப் பேசிக்கொள்வார்கள். போர்ட் லூயிஸில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே கம்பெனியின் சாதாரண மாடல் எஞ்சின் ஒன்று கிடந்தது. அடிப்பாகம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று சந்திரமௌலி கண்டுபிடித்தார். உடைந்த அடிப்பாகத்தைக் கடைக்காரரிடமே போட்டுவிட்டு, புதிதாக வந்ததன்மேல் பழைய தலையையும் இரட்டைக் கார்புரேட்டர்களையும் பொருத்தினார்கள். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. ஒன்பதாவது ஞாயிறு அது முன்பைவிட நன்றாக ஓடியது. க்ளெமானுக்கு அவள் எழுதினாள்: ‘வண்டி நன்றாக இருக்கிறது.’

1991-இல் க்ளெமானிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்களுக்கு இப்போது உலகமே பித்தாக அலைகிறதாம். பத்திரிகையில் விலை போடுகிறார்களாம். வாங்குகிறவர்கள் ஓட்டக்கூட மாட்டார்களாம், வரவேற்பறையில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அவனுக்கு வீடு வாங்க முன்பணம் தேவை. பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து மார்செல் என்று ஒருவர் வந்து வண்டியைப் பார்ப்பார். எல்லாம் ஒரிஜினல், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றே என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. எண்கள் இருக்கிற இடத்தை மட்டும் நன்றாகத் துடைத்து வை.

வண்டியில் எண்கள் இருப்பதையே உகெத் அன்றுதான் யோசித்தாள். மண்ணெண்ணெயும் துணியுமாகக் குனிந்து, கைப்பிடிக்குக் கீழே ஒன்றைக் கண்டாள். சிலிண்டருக்கு அடியில், இரும்புக் கடையிலிருந்து வந்த பாகத்தில் இன்னொன்று. எழுத்தும் வேறு, எண்ணும் வேறு.

ஒரிஜினல் என்ற சொல் அவளுக்குப் புதிதில்லை. ஆலையில் ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும். ஒரே நூல், ஒரே பின்னல், ஒரே பெண்கள். கழுத்தடியில் விரல் நீளத் துணி ஒன்று தைக்கப்பட்டால் அது ஒரிஜினல், தைக்காமல் சந்தைக்குப் போனால் வெறும் ஸ்வெட்டர். அந்த வாரம்தான், ஒரு நாட்டுக்காரர் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிய ஸ்வெட்டர்களில் லேபிளைப் பிரித்துவிட்டு, வேறொரு நாட்டுக்காரருடையதைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் முதல் பெட்டி கட்டுகிறவர்வரை யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. உகெத்துக்கும் தெரியவில்லை, அந்த வாரம் வரை.

சந்திரமௌலியிடம் சொன்னாள். அவர் யோசிக்கவே இல்லை. ஆலை இயந்திரங்களில் எண் குத்துகிற அச்சுகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பழைய எண்ணை ராவிவிட்டுப் புதியதை அடித்தால் கால் மணி நேர வேலை.

"அது இரும்பு அம்மணி. பொறந்த நட்சத்திரமா என்ன, மாத்தக் கூடாதுங்கிறதுக்கு?"

அடிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள்.

"சொன்னா வண்டி விக்காது. விக்கலைன்னா உங்ககிட்டயே நிக்கும். அண்ணன் என்ன நெனைப்பார்? தங்கச்சி வேணும்னே கெடுத்துப்போட்டான்னு நெனைப்பார்."

அவள் தவித்ததும் அதை நினைத்துத்தான். அந்த வண்டியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. பதினாலு வருடமாகக் கிளப்பியதும் ஓட்டியதும் கெடுத்ததும் சரிசெய்ததும் அவள். ஆனால் வண்டியின் லைசென்ஸ் புத்தகத்தில் பெயர் க்ளெமானுடையது. எண்ணை அடித்தால் அண்ணனுக்கு வீடு, அவளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அவளுடைய தப்பு யாருக்கும் தெரியாது. உண்மை சொன்னால் வண்டி மிஞ்சும். நேர்மையாக நடப்பது தன் ஆசைக்கு இத்தனை வசதியாக வந்து நின்றதால், அவளுக்கு அந்த நேர்மைமேலேயே சந்தேகம் வந்தது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு வண்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். ராவும் அரத்தை எண்ணின்மேல் வைத்தாள். இதை ராவிவிட்டால் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்ததில்லை என்று ஆகிவிடும். லாரியில் வண்டியோடு ஏறி உட்கார்ந்து வந்த வெட்கம் இருந்ததில்லை. அதற்குப் பிறகு ஓடிய ஏழு வருடங்கள் இருந்ததில்லை. 1965-இல் ஏதோ ஊரில் செய்த வண்டி ஒரு நாளும் கெடாமல், யாருடைய கையும் படாமல் நேரே மார்செலின் அறைக்குள் வந்து நிற்கும். அவள் ராவாமலே அரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் அச்சுகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்செல் பல் மருத்துவர். மெல்லிய கைகள், சுத்தமான நகங்கள். வாயில் விட்டுப் பார்க்கிற சிறிய வட்டக் கண்ணாடியை எஞ்சினுக்கு அடியில் விட்டுப் பார்த்தார். அது எண்ணுக்குப் போய்ச் சேருமுன் உகெத் சொல்லிவிட்டாள்.

"இது இதோட எஞ்சின் இல்ல, மிஸ்யே. அதை நான் உடைச்சுட்டேன். அண்ணனுக்குத் தெரியாது."

அவர் கையிலிருந்த நோட்டை மூடினார். ஒரு தடவை கிளப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஒரே உதையில் கிளம்பியது. தலையைச் சாய்த்து, நோயாளியின் பேச்சைக் கேட்பவர்போலக் கேட்டார்.

"சத்தம் சரியா இருக்கு, மதாம். ஆனா சத்தத்தை என்னால திருப்பி விக்க முடியாது."

அவரே க்ளெமானுக்கு எழுதிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. உகெத்தும் எழுதினாள், 1984-இல் நடந்ததை எண்ணெய்ச் சொட்டிலிருந்து ஆரம்பித்து, ஒன்றும் விடாமல். பதில் இல்லை. இன்னொரு கடிதம் எழுதினாள். வண்டியை வேண்டுமென்றால் பாகம் பாகமாக விற்றுப் பணம் அனுப்புகிறேன் என்றாள். அதற்கும் இல்லை. புது வருட வாழ்த்து அட்டையும் நின்றது. அம்மா இறந்தபோது மாலைக்குப் பணம் வந்தது, கூட ஒரு வரி இல்லை. சந்திரமௌலி தான் சொன்னது பலித்துவிட்டதற்காக வருத்தப்பட்டார். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போதும் அதைத்தான் பேசினார். உகெத் லேபிள் மேசைக்கு மேற்பார்வையாளரானாள். வேலைக்கு அதே வண்டியில்தான் போனாள். ஆனால் திருடிய பொருளை ஓட்டுகிறோமோ என்று சில காலைகளில், முக்கியமாக நன்றாகக் கிளம்பிய காலைகளில், அவளுக்குத் தோன்றும்.

1997 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை ஆலை அலுவலகத்துப் பெண் ஒரு ஃபேக்ஸ் தாளைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தாள். க்ரேயோலில், பேசுகிறமாதிரியே எழுதியிருந்தது.

‘உகெத், நீ உடைச்சது அந்த வண்டியோட எஞ்சினே இல்ல. வண்டியோட வந்ததை 75-லயே நான் உடைச்சுட்டேன். வேற ஒண்ணு வாங்கிப் போட்டேன். லைசென்ஸ் புத்தகத்தை மாத்த அலையணுமேன்னு சேசிஸ் எண்ணை நானே அதுமேல அடிச்சேன். அதுல ஏழுங்கிற எண் மட்டும் சாய்ஞ்சு விழுந்துச்சு. எஞ்சினைக் கழட்டினவ அதைப் பார்க்காமலா இருந்திருப்பான்னு நெனைச்சேன். மார்செல்கிட்ட நீ சொன்னது என்னைக் குத்திக் காட்டத்தான்னு நெனைச்சேன். போன வாரம் உன் ரெண்டு கடிதத்தையும் திரும்பப் படிச்சேன். உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்பத்தான் புரிஞ்சுது. வண்டியை உன் பேருக்கு மாத்திக் கையெழுத்துப் போட்ட காகிதம் தபால்ல வருது. எஞ்சின் எண் எழுதுற இடத்தைக் காலியா விட்டிருக்கேன். நீயே பார்த்து எழுதிக்கோ. க்ளெமான்.’